நாலாவது சிலிண்டர்

வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டி
நூறடியில் என் பட்டறை.
கேரளத்தில் மழை பெய்தால்
என் தகரக் கூரையில் பாதிதான் நனையும் என்பார்கள்.
பொய். முழுசும் நனையும்.

செவ்வாய்க்கிழமை
டிராக்டர் கயிறு கட்டி இழுத்துவந்தது
அந்த வெள்ளை ஜெர்மன் காரை.
உள்ளே கோழிப்பண்ணை லோகமுத்து,
ஏசி இல்லாமல் வேர்த்து வழிந்தபடி
கண்ணாடியை மட்டும் இறக்காமல்.

"பெட்ரோல்ல கலப்படம் பண்ணீட்டானுங்க" என்றார்.
"எலி ஒயரைக் கடிச்சிருக்கும்" என்றான் டிராக்டர்காரன்.
ஒரு வண்டி நின்றால் காரணம் சொல்ல
இழவு வீட்டைவிடக் கூட்டம் கூடிவிடுகிறது.

வழக்கமானதைத்தான் நானும் முதலில் நினைத்தேன்.
கோடி ரூபாய் வண்டிகள்
சாவதென்னவோ சில்லறைக்கு.
கூலன்ட் பம்ப்பின் பிளாஸ்டிக் இறக்கை
சூட்டில் அப்பளமாய் நொறுங்கும்.
ஆயில் மாற்றக் கணக்குப் பார்த்தால்
டைமிங் செயின் தொங்கிவிடும், பழைய கொடிக்கயிறு மாதிரி.
கல்யாண மண்டபம், வீடு, கல்யாண மண்டபம் என்று
இரண்டே கிலோமீட்டர் ஓடுகிற வண்டியில்
வால்வெல்லாம் கரி.
பறக்கச் செய்ததை நடக்க மட்டும் விட்டால்
உள்ளுக்குள் அப்படித்தான் இறுகும்.

பிரசீதா ஸ்கேனரைச் செருகினாள்.
"நாலாவதுல ஒண்ணுமே இல்ல சேட்டா."

வெள்ளிக்கிழமை பிரித்துப்போட்டோம்.
நாலாவது பிஸ்டனின் ராடு ஒடிந்து
பிளாக்கில் ஒரு ஜன்னல் வைத்திருந்தது.
என் கை நுழைந்தது, மணிக்கட்டு வரை.

ஒடிந்தது இந்த வாரம்.
வளைந்தது என்றைக்கோ.

காற்றை அமுக்கினால் சுருங்கிக்கொள்ளும்.
தண்ணீர் அப்படியில்லை.
முங்கிய வண்டியில் எவனாவது ஸ்டார்ட்டரை அமுக்கினால்
மேலேறும் பிஸ்டன் தண்ணீரில் போய் முட்டும்.
இரண்டில் ஒன்று வளைந்தாக வேண்டும்.
தண்ணீர் வளையாது.
ராடு வளையும், நகக்கண் அளவுக்கு.
அதற்குப் பிறகும் ஓடும்,
கோடித் தடவை, கூன் முதுகோடு,
யாரிடமும் சொல்லாமல்.

ஏர் ஃபில்டர் பெட்டியின் மூலையில்
ஆற்று வண்டல், கோடாய்க் காய்ந்து.
அதில் ஒட்டிக்கொண்டு ஒரு மீன் செதில்.
அதுவரை எனக்குக் கோபம்தான்,
கழுவித் துடைத்துத் தள்ளிவிட்ட அயோக்கியன்மேல்.

பிறகு காயில் போல்ட்டுகளைப் பார்த்தேன்.
ஒவ்வொன்றின் தலையிலும் மஞ்சள் பொட்டு.
முறுக்கி முடித்ததற்கு அடையாளமாய்
நெயில் பாலிஷ் வைக்கிறவன்
இந்த எல்லையில் நான் ஒருத்தன்.

வெள்ளத்து வருடம், புரட்டாசி.
ஆலுவாயிலிருந்து பௌலோஸ் லாரியில் ஏற்றிவந்த
ஆறு வண்டிகளில் ஒன்று.
அன்றைக்கு இது நீலம்.
மோர் நிறம் போகும்வரை
மூன்று தரம் ஆயில் மாற்றினேன்.
நாலாவதில் அழுத்தம் கொஞ்சம் குறைவாகக் காட்டியது.
மீட்டரைத் தட்டினேன். அதையே காட்டியது.
மறுபடி தட்டினேன்.
அப்புறம் மீட்டரைக் கழற்றி வைத்துவிட்டேன்.
பௌலோஸ் அன்றைக்கே முழுப் பணமும் கொடுத்தான்.
மகள் பள்ளிக்கூட ஃபீஸுக்குக் கடைசி நாள்
மறுநாள்.
இதைக் காரணமென்று சொல்லவில்லை.
நடந்தது அது.

வெளியே லோகமுத்து இளநீரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:
"எந்தக் களவாணி பார்த்த வேலைன்னு
கண்டுபிடிக்க முடியுமாங்க?"

கணவாய்க் காற்று ஜாப் கார்டைப் புரட்டியது.
ஸ்பேனரை மேலே வைத்தேன்.
கோளாறு என்ற கட்டத்தில்: கனெக்டிங் ராடு.
காரணம் என்ற கட்டத்தில்: தண்ணீர்.
அது பொய்யில்லை.

பிரசீதா போல்ட்டைப் பார்த்தாள்.
என் மேசையில் இருந்த சின்னப் புட்டியைப் பார்த்தாள்.
ஒன்றும் கேட்காமல்
ஸ்கேனர் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தாள்.

கட்டத்தில் இன்னும் இடமிருக்கிறது.
பேனாவை மூடவில்லை.